ஒன்பதாம் அறையின் நாலு கோடுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

வந்த முதல் நாளே என்னை உரித்துவிட்டார்கள். கைபேசி, கைக்கடிகாரம், தலையில் குத்தியிருந்த இரும்புக் கிளிப், செருப்பு, எல்லாம் காவல் அறை மேசைக்குப் போயின. போர்மேன் தங்கபாண்டி என் துப்பட்டாவைத் தள்ளி நின்று உற்றுப் பார்த்து, "இது பருத்தியா, நைலானாம்மா?" என்று கேட்டார். நைலான் கலந்தது. அதையும் வாங்கிக்கொண்டு ஒரு பழைய கைத்தறித் துண்டைக் கொடுத்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. உள்வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

"ஒடம்புல இருக்குற கரண்டு மண்ணுக்குப் போயிரும்மா. ஒரு பொறி போதும், நம்மள அள்ளிக் கூட்டத்தான் ஆள் வேணும்."

சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் அதைச் சொன்னார். கோபம் போய், உள்ளங்கையை இரண்டு தடவை தகட்டில் அழுத்தி வைத்தேன்.

பிறந்து வளர்ந்தது கோவில்பட்டி. சாத்தூர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பட்டாசு ஆலைக்குள் கால் வைத்தது இன்றுதான். வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் பொட்டல். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு எழுத்தில் 'ஆட்கள் 4'. ஓர் அறை போனால் அந்த நாலு பேரோடு போகட்டும், பக்கத்து அறை பிழைக்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அது மண்டையில் ஏறியதும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

எந்த அறையில் எத்தனை பேர் என்று வேலிக்கு வெளியிலிருந்தே எண்ணிக் காட்டுவது என் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிறது. பேட்டரி உள்ள எதுவும் உள்ளே போகக் கூடாது, அதனால்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் பட்டையில் பேட்டரியே கிடையாது. மணிக்கட்டில் கட்டுகிற துணிப் பட்டை, உள்ளே நகத்தளவு சில்லு. கம்பத்திலிருந்து நான் வீசும் ரேடியோ அலையில் கொஞ்சத்தைத் தின்று அது உயிர் பெறும், மிச்சத்தில் தன் எண்ணை ஏற்றித் திருப்பி அடிக்கும். கண்ணாடிச் சில்லால் வெயிலைத் திருப்பி அடிப்போமே, அந்த மாதிரி. திரும்பி வருவது முணுமுணுப்புக்கும் கீழே. கடையில் விற்கிற கருவிகள் பத்து மீட்டர் தாண்டினால் செவிடு. இங்கே என் இடம் நூறு மீட்டருக்கும் அப்பால், வேலிக்கு வெளியே காவல் அறையை ஒட்டிய ஒரு ஓட்டுக் கொட்டகை.

கேட்க வைக்காவிட்டால் என் பேர் செண்பகவல்லி இல்லை.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆலைக்கு லீவு. வெளியாட்கள் உள்ளே போகலாம் என்பதால் இன்றைக்கே கம்பங்கள் நட்டோம், ஒவ்வோர் அறைக்கும் சட்டம் சொல்கிற தூரம் தள்ளி ஒன்று. இனி வேலை நாட்களில் எனக்கு வேலிக்குள் அனுமதி இல்லை. நல்லதாய்ப் போயிற்று, அந்த மருந்து வாசனை தலையைச் சுற்றுகிறது.


ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றுமே கேட்கவில்லை. கோயில் கொடை விழாவில் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு கொசு பாடுவதைக் கேட்கிற கதைதான். நான் வீசும் அலையே என் காதை அடைக்கிறது. கத்துகிற வாயும் கேட்கிற காதும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. பட்டைகள் சொல்வதைக் கேட்கிற வாங்கியைக் கம்பங்களிலிருந்து கழற்றி என் கொட்டகைக் கூரைக்குக் கொண்டுபோகிறேன். சென்னையில் என் மேலாளர் ஸ்ரீவத்சன், "அவ்வளவு தூரத்துல கேக்குமா செண்பா?" என்று இழுத்தார். அவருக்குச் சந்தேகப்படத்தான் சம்பளம்.

மதியம் பெண்கள் எல்லாரும் வேலிக்கு வெளியே சாப்பாட்டுக் கொட்டகைக்கு வருகிறார்கள். இன்று குருவம்மாள் என்கிற ஒன்பதாம் அறைக்காரி தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். விரலெல்லாம் அலுமினியப் பொடி மின்னியது.

"என்ன ரேடியோ தங்கச்சி, எங்களுக்கெல்லாம் காப்புக் கட்டி விட்டுட்டீக? என்னைக்குச் சாமியாட்டம்?"

"ஆடுங்கக்கா, நான் கொட்டு அடிக்கிறேன்."

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதைக் கட்டியிருந்தா நான் எங்க இருந்தாலும் காட்டிக் குடுக்குமா?" என்று கேட்டாள்.

"எங்க இருந்தாலும் காட்டும்கா. அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு."

"அப்ப சரி" என்று பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வேலைக்கு மட்டம் போட்டால் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது. பாவம்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேட்டது!

கூரையில் புது வாங்கி. சாயங்காலம் ஆள் கலைவதற்குக் கொஞ்சம் முன்னால் திரையில் ஒரு கோடு. அப்புறம் இன்னொன்று. நாலாம் அறை, ஆறாம் அறை. உடம்பெல்லாம் புல்லரித்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம், சுவருக்கு உள்ளே, பேட்டரியில்லாத ஒரு துணித்துண்டு பேசுகிறது, அது எனக்குக் கேட்கிறது. தெரிந்த விஞ்ஞானம்தான், ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து, "பாம்பாம்மா?" என்று கேட்டார்.


ஆகஸ்ட் 28, வியாழன்

பட்டைகளை மெதுவாகப் பேச வைத்திருக்கிறேன். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லவிட்டு, அத்தனையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. முணுமுணுப்பு மட்டும் மேலே வருகிறது. எட்டு அறைகள் வந்துவிட்டன.

ஒரே ஒரு தொல்லை. ஒரு பட்டைக்கு ஒரு கோடு என்று திரையில் ஓடுகிறதல்லவா, எந்தக் கோடும் நேராக இல்லை. நெளிகிறது, நடுங்குகிறது. கை ஆடினால் கோடும் ஆடுகிறது. கையை அசைத்துக்கொண்டேதான் இவர்களுக்கு வேலை. இதையும் சராசரியில் போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.

லாட்ஜில் மூட்டைப்பூச்சி. அறை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன்.


செப்டம்பர் 2, செவ்வாய்

ஒன்பதாம் அறையின் மூன்று கோடுகள் எப்படி வருகின்றன தெரியுமா! அடிக்கோல் வைத்து இழுத்தது போல. நடுக்கமே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படியே. அதைப் படம் பிடித்து ஸ்ரீவத்சனுக்கு அனுப்பினேன். "அழகு! இதுதான் நம்ம அளவுகோல். மத்த அறைகளையும் இதுக்குக் கொண்டு வா" என்றார். அப்படியே வாங்கியை ஒன்பதாம் அறைக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தேன்.

அந்த அறையில் நாலாவது பட்டை மட்டும் சனியன். குருவம்மாளுடையது. போன வாரம் வரை வரவே இல்லை. வாங்கியின் காதைக் கூர்மையாக்கிய பிறகு வருகிறது, ஆனால் எங்கோ பாதாளத்திலிருந்து பேசுவது போல. குதிக்கிறது, மறைகிறது, மறுபடி வருகிறது. ஒரே அறை, ஒரே கம்பம். மூன்று பட்டை தங்கமாய் இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் என்ன கேடு?


செப்டம்பர் 5, வெள்ளி

பட்டையை மாற்றிக் கொடுத்தேன். புதுசும் அதே லட்சணம். சாப்பாட்டு நேரத்தில் குருவம்மாளைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இதைத் தண்ணியில கிண்ணியில நனைச்சீகளா?"

"இல்லையே தங்கச்சி."

"பின்ன ஏன் உங்களது மட்டும் இப்பிடிக் குதிக்குது? அந்த மூணு பேரும் எப்பிடி இருக்காக பாருங்க. அசைய மாட்டேங்குறாக. அவுகளைப் பாத்துக் கத்துக்கங்க."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அவளும் ஒன்பதாம் அறைதான். குருவம்மாள் சிரிக்கவில்லை. கொட்டகைத் தூணோரம் நின்றிருந்த தங்கபாண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

"பட்டையில ஒரு கோளாறும் இல்ல தங்கச்சி. இருக்குற எடத்துலருந்துதான் பேசுது" என்றாள்.

இவர்களுக்கு இதையெல்லாம் விளங்க வைப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும்.


செப்டம்பர் 9, செவ்வாய்

அடுத்த வாரம் இன்சூரன்ஸ்காரர்கள் பார்க்க வருகிறார்கள். ஒன்பதாம் அறையில் சமயத்தில் மூன்று என்று காட்டினால் என் மானம் போகும். தங்கபாண்டியிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: "அந்தக் குருவம்மா பட்டை சரியா வர மாட்டேங்குது. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"நீங்க கவலைப்படாதீகம்மா. நான் பாத்துக்குறேன்" என்றார். தங்கமான மனுஷன், பேருக்கு ஏற்றபடி.


செப்டம்பர் 10, புதன்

நாலு கோடு! நாலும் நேர்க்கோடு! தங்கபாண்டி என்ன செய்தாரோ, குருவம்மாள் பட்டை மற்ற மூன்றோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. வாய்விட்டுச் சிரித்தேன். சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் வாங்கி ஒன்பதாம் அறைக்காரர்களுக்குக் கொடுத்தேன். முனீஸ்வரி மடியை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

குருவம்மாள் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கேட்டேன். "சாப்புட வாரப்போ கழட்டி வச்சிட்டு வரச் சொல்லிருக்காக" என்றாள்.

"நல்லதுதான், குழம்பு படாது."

"இப்போ உங்களுக்குச் சரியா வருதா?"

"ஜோரா வருதுக்கா."

"அப்ப சரி" என்றாள். சேவு வேண்டாமாம், பல் வலியாம்.


செப்டம்பர் 16, செவ்வாய்

இன்சூரன்ஸ்காரர்கள் வந்தார்கள். முதலாளி அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் தானே நின்று விளக்கினார். அறைக்கு நாலு, அறைக்கு நாலு, எங்கேயும் ஐந்து இல்லை. அவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட இல்லை. என் திரைதான் இருக்கிறதே. "நம்ம பக்கத்துப் பிள்ளை! எம்புட்டு மூளை பாருங்க" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

தீபாவளி நெருக்குகிறது. லாரி வந்தபடியே இருக்கிறது. பின்பக்கம் வேப்பமரங்களை நோக்கித் தகரமும் சணல் சாக்கும் போனதைப் பார்த்தேன். பழைய ஷெட்டுக்குக் கூரை மாற்றுகிறார்களாம். என் வரைபடத்தில் அந்த ஷெட் கிடையாது. உரிமத்தில் இல்லாதது வரைபடத்தில் எப்படி வரும்?


செப்டம்பர் 23, செவ்வாய்

வெடித்துவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.


செப்டம்பர் 25, வியாழன்

நேற்றும் எழுத முடியவில்லை. காதில் இன்னும் அந்த ஊளை இருக்கிறது.

சாப்பாட்டு மணிக்கு முன்னால். முதலில் சத்தம் வரவில்லை. தரை வந்தது. நாற்காலியோடு என்னைத் தூக்கிப் போட்டது. அப்புறம்தான் சத்தம், ஜன்னல் கண்ணாடி மொத்தமும் என் மேல். எழுந்து பார்த்தால் அறை வரிசைகளுக்குப் பின்னால், வேப்பமரங்கள் இருந்த பக்கம் கரும்புகை. இரண்டாவது, மூன்றாவது என்று வெடித்துக்கொண்டே இருந்தது. அது தீபாவளிச் சத்தம் போலவே இருந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று புகைக்குள் பூப்பூவாய் விரிந்தது.

பேட்டரியில் ஓடுவதால் என் திரை அணையவில்லை. ஒன்பதைத் தவிர மற்ற அறைக் கோடுகளெல்லாம் பேய் பிடித்தது போல் குதித்து, ஒவ்வொன்றாய் மங்கி மறைந்தன. பெண்கள் வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். ஒருத்தி சேலையில் பாதி இல்லை. ஒருத்தி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள், குரல் வரவில்லை. வாசலில் வைத்து எண்ணினோம். அறைக்கு நாலாய் எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒன்பதாம் அறை தவிர. அந்த நாலு பேரும் இன்னும் உள்ளே இருப்பதாகத் திரை காட்டியது.

தீயணைப்பு வண்டிகள் சுற்றுப்பாதை வழியாகப் பின்வேலிக்கே வந்துவிட்டன. நானும் அங்கே ஓடினேன். தங்கபாண்டியைக் காணோம். தப்பி ஓடிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அண்ணாச்சி போனில், "பின்னாடி யாரும் கெடையாதுங்க, அது குப்பை போடுற ஷெட்டு" என்று தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி என்னைப் பார்த்து, ஆட்கள் எங்கே என்று கேட்டார். ஒன்பதாம் அறையில் நாலு பேர் இருப்பதைச் சொன்னேன். திரையில் இருந்ததைத்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்வதற்கு இல்லை. அவர்கள் குழாயைத் திருப்பிக்கொண்டு ஒன்பதாம் அறைக்குப் போனார்கள்.

கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே கூரை முட்டும் அளவுக்குப் பட்டாசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். அது பற்றிக்கொள்ளாமல் நனைத்து நனைத்து, ஒவ்வொரு பெட்டியாய் இறக்கி, நாலு பேரைத் தேடினார்கள்.

நான் கொட்டகைக்கு வந்து திரைமுன் உட்கார்ந்தேன். நாலு கோடும் ஓடிக்கொண்டிருந்தன. நேராக. சராசரிக் கோட்டை அணைத்துவிட்டு, வெடித்த கணத்தில் பதிவானதைப் பிரித்துப் பார்த்தேன். மற்ற அறைகளில் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு பக்கம் எகிறியிருந்தது. ஒன்பதில் நாலும் ஒரே நொடியில் துள்ளி, நாலும் ஒரே தாளத்தில் ஊசலாடி, ஒரே மாதிரி மெல்ல மெல்ல அடங்கியிருந்தன. எத்தனை பெரிய வெடி, பக்கத்தில் வெடித்திருக்கிறது, அதற்குப் பிறகு ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை, ஓடவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை.

மனுஷி அப்படி ஆட மாட்டாள். ஆணியில் தொங்கும் பட்டைதான் அப்படி ஆடும்.

ஐயோ என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். வெறுங்காலோடு ஓடினேன். "பின்னாடி! பின்னாடி இருக்காங்க! அந்த ரூம்ல ஆளே இல்ல!" என்று ஓடிக்கொண்டே கத்தினேன். அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

ஷெட் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழேயும் மரத்தடியிலுமாக, ஒன்பதாம் அறைக்காரர்களும் வெளியிலிருந்து கூட்டி வந்தவர்களுமாக, எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் கையில் பட்டை இல்லை. குருவம்மாளைச் சரிந்த தகரத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். மூச்சு இருந்தது. முனீஸ்வரி அவள் பக்கத்திலேயே கிடந்தாள். நாடி பார்த்த தீயணைப்பு வீரர், "ஒடம்பு சூடு ஆறலையே. கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

ஒன்பதாம் அறைச் சுவரில் நாலு பட்டையும் ஓர் ஆணியில் தொங்கின.


செப்டம்பர் 26, வெள்ளி

ஆறு பேர். 'உராய்வு காரணமாக வெடி விபத்து' என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வருஷா வருஷம் அதே வரி.

ஸ்ரீவத்சன் போன் செய்தார். "செண்பா, நம்ம சிஸ்டம் மேல தப்பு இல்ல. பட்டையை எண்ணச் சொன்னாங்க, எண்ணிக் குடுத்தோம். நீ ரிப்போர்ட்ல வேற எதையும் எழுதாத." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன்.


செப்டம்பர் 28, ஞாயிறு

சராசரி எடுக்காத பழைய பதிவுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். நான் நடுக்கம் என்று தேய்த்துத் துடைத்ததெல்லாம் என்ன தெரியுமா? நாலாம் அறையில் ஒருத்தி கை வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறுகிறது. மடியில் கையை வைத்திருக்கிறாள், அவள் மூச்சு விடுகிறாள். கையை ஒட்டிய பட்டை அவ்வளவு தூரத்திலிருந்து அதைச் சொல்லியிருக்கிறது. அவ்வளவு சன்னமானதைக் கேட்கிற வாங்கியை நான்தான் செய்தேன். கேட்டதை இரைச்சல் என்று தள்ளியதும் நான்தான்.

ஒன்பதாம் அறையின் மூன்று கோடுகளில் முதல் நாளிலிருந்தே மூச்சு இல்லை. நாலாவதில் இருந்தது. கம்பத்தை விட்டுத் தள்ளி, தகர ஷெட்டிலிருந்து, எட்டியும் எட்டாமலும் வந்த அந்தச் சனியன் பிடித்த கோட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு இருந்தது. ஒருத்தி மட்டும் ஆணியில் மாட்டாமல் கையில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி வரை மூச்சு வருகிறது. பத்தாம் தேதியிலிருந்து இல்லை.

அன்றைக்குச் சேவு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். 


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. விசாரணை அதிகாரி லீவு என்றும் பாராமல் வந்திருந்தார். எல்லாப் பதிவையும் கொடுத்துவிட்டேன், மூச்சுள்ள கோட்டையும் மூச்சில்லாத கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அண்ணாச்சியின் வக்கீல், "அந்த நாலு பேரும் ரூம்லதான் இருந்தாங்கன்னு உங்க மெஷினே சொல்லுதே" என்றார். "மெஷின் அங்க ஆள் இல்லன்னுதான் சொல்லுது சார், எனக்குப் படிக்கத் தெரியல" என்றேன். வேலையும் போகும் என்று ஸ்ரீவத்சன் சொல்லிவிட்டார். போகட்டும்.

இதுவரைக்கும் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.


அக்டோபர் 8, புதன்

மதுரைப் பெரியாஸ்பத்திரி. குருவம்மாளை இன்றுதான் பார்க்கவிட்டார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கொசுவலைக்குள் கட்டும் மருந்துமாய்க் கிடந்தாள். முகத்தில் ஒரு பக்கம் தப்பியிருந்தது. அவள் தங்கை ராக்கம்மாள் காலடியில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். "யாரு வந்துருக்கா பாரு" என்றதும் குருவம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"ரேடியோ தங்கச்சியா? சாப்டீகளா?"

இந்த நிலையில் என்னைப் பார்த்துக் கேட்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கொண்டுபோயிருந்த இளநீரை ராக்கம்மாள் ஸ்பூனில் ஊட்டினாள். கொஞ்சம் குடித்தாள். குரல் கரகரவென்று, காற்றோடு காற்றாக வந்தது. நான் குனிந்து காதை அவள் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"அன்னைக்கு ஒங்க சத்தம் எனக்குக் கேட்டுச்சு தங்கச்சி."

"என்னைக்குக்கா?"

"வெடிச்ச அன்னைக்கி. தகரத்துக்கடியில கெடக்கோம். நீங்க வேலிகிட்ட நின்னு கத்துறீக. 'அங்க யாரும் இல்ல, அந்தப் பக்கம் போகாதீங்க, எல்லாரும் ஒம்பதுலதான் இருக்காங்க, எனக்குத் தெரியும்'னு. ஒங்க கொரல்தான்னு எனக்கு ஒடனே தெரிஞ்சுபோச்சு. இந்தா, தங்கச்சி வந்துட்டாடின்னு முனீஸ்கிட்டச் சொன்னேன்."

அந்த வார்த்தைகளை இந்த நோட்டில் நான் எழுதவில்லை. அவற்றைத்தான் கத்தினேன். ஒரு தடவை இல்லை, அதிகாரி இரண்டு பேரைப் பின்பக்கம் அனுப்பப் போனபோது, அவர் கையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன்.

"முனீஸ்வரி... அப்போ பேசினாளா அக்கா?"

"பேசாம என்ன? ரெண்டு பேரும் சேந்துதான் கூப்ட்டோம். செண்பா, செண்பான்னு. பெறகு எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. அவதான் ரொம்ப நேரம் கூப்ட்டுக்கிட்டே கெடந்தா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவ எந்த வார்டுல கெடக்கா? இவகிட்டக் கேட்டா சொல்ல மாட்டேங்குறா."

ராக்கம்மாள் விசிறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் கொசுவலையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

குருவம்மாள் என் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"அம்புட்டுக் கூப்ட்டோமே தங்கச்சி, ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"கேக்கலக்கா" என்றேன்.